திஸ்கிக்குத் தாய்ப் பத்திரம்

லினக்ஸ் ஓடும் பெரும்பாலான கணினிகளில் ஜிலிப்ஸி என்றொரு அடிப்படை நூலகம் இருக்கிறது. அதற்குள் தமிழுக்கென்றே ஒரு கோப்பு உண்டு. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் அடித்த எழுத்தை யூனிகோடுக்கும், யூனிகோடைத் திஸ்கிக்கும் மாற்றுவது அதன் வேலை. கோப்பின் தலைப்பில் 2002 என்ற ஆண்டும், எழுதிக் கொடுத்தவர் புரூனோ ஹைபிள் என்ற குறிப்பும் இருக்கின்றன. அவர் ஜெர்மானியர். இதே வேலையைச் செய்யும் இன்னொரு கோப்பு, நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் டிரோல்டெக் நிறுவனம் உருவாக்கிய க்யூடி நூலகத்தில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்ற நார்வேக்காரர். உரிமைக் குறிப்பில் உள்ள ஆண்டு 2000. தமிழ் பேசாத நாட்டுக்காரர்கள் இருவர், நம் எழுத்துக்காக உட்கார்ந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு கோப்புகளும் எப்போது, எப்படி உள்ளே வந்தன என்று தேடிப் போனதைத்தான் எழுதுகிறேன். தேடும் வழக்கமே எப்படியெல்லாம் மாறிவந்தது என்பது அதோடு சேர்ந்தே வரும்.

திண்டுக்கல்லில் சாலை ரோட்டு மாடி ஒன்றில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம். பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பது தொழில். தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் நம் ஊர் டிடிபி கடைகளில் ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. கல்யாணப் பத்திரிகை பாமினியில், அரசாங்கக் கடிதம் வானவில்லில், வெளிநாட்டு உறவுக்காரர்களோடு மின்னஞ்சலில் பேசியவர்கள் வைத்திருந்தது திஸ்கியில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை ஏற்றுக்கொண்டது. இணையத்தில் புழங்கிய தமிழர்கள் திஸ்கியை விடவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கிய மின்னூல்கள் யூனிகோடுக்கு முன் திஸ்கியில் வெளிவந்தன. அதனால் நத்தத்திலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் என்னிடம் வரும் குறுந்தட்டுகளில் திஸ்கி இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

தாடிக்கொம்புப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தங்கள் பெருமாள் கோயில் கைங்கரியக்காரர்களின் பட்டியலைக் கொண்டுவந்தார். பழைய பகுதி திஸ்கியில் அடித்தது. புதிய பகுதியை அவர் பேரன் கைப்பேசியில் அடித்திருந்தான். மாற்றிச் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். “ஏம்மா, பேரு கண்ணுக்கு முன்னாடி இருக்கு. தேடுனா இல்லேங்குதே?” என்றார். பட்டியலில் பாதிப் பெயர்கள் ஸ்ரீ என்று தொடங்குபவை.

காரணம் இதுதான். திஸ்கியில் ‘ஸ்ரீ’ ஒரே குறி. யூனிகோடில் அது நான்கு குறிகள்: ஒரு மெய், புள்ளி, ர, ஈகாரக் குறி. முதல் மெய் எது என்பதில்தான் சிக்கல். 2005 மார்ச்சில் வந்த யூனிகோடு 4.1-க்கு முன் தமிழ்ப் பகுதியில் ‘ஶ’ என்ற எழுத்தே கிடையாது. எல்லோரும் ‘ஸ’ போட்டுத்தான் ஸ்ரீ அமைத்தார்கள். 4.1-இல் ‘ஶ’ சேர்ந்தபின் ‘ஶ்ரீ’ என்று அமைப்பது முறையாயிற்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும்; கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். பேரன் அடித்தது ஶ. நான் மாற்றியதில் வந்தது ஸ.

ஆக, நான் நம்பிப் பயன்படுத்தும் அட்டவணை 2005-க்கு முந்தையதா பிந்தையதா, இடையில் யாராவது அதைத் திருத்தினார்களா, திருத்தினால் என்ன காரணம் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும் இடத்தைத்தான் கமிட் என்கிறோம். ஒருவர் நிரலில் செய்த ஒரு மாற்றம், செய்தவர் பெயர், தேதி, நேரம், காரணம், அதற்கு முந்தைய மாற்றத்தின் அடையாளம் எல்லாம் சேர்ந்த ஒரு பதிவு அது.

என் அப்பா வேடசந்தூரில் பத்திர எழுத்தர். கிரயம் எழுத வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது விலையை அல்ல, தாய்ப் பத்திரத்தை. “தாய்ப் பத்திரம் இல்லாத சொத்துல பேனா வைக்காதே தாயி” என்பார் என்னிடம். இந்த நிலம் இவர் கைக்கு எந்தப் பத்திர எண்ணால் வந்தது, அதை விற்றவருக்கு எதனால் வந்தது என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் பின்னால் போவார். கமிட் பக்கத்தில் ‘பேரன்ட்’ என்றொரு வரி இருக்கும். அதைச் சொடுக்கினால் முந்தைய மாற்றம் திறக்கும். அதிலும் ஒரு பேரன்ட் இருக்கும். காந்திகிராமத்தில் எம்.சி.ஏ. படிக்கும்போது இதை முதன்முதலில் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது, வேடசந்தூர் வீட்டுத் திண்ணையில் வளர்ந்த புண்ணியம்.

இந்தப் பதிவு முறைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ்தான் தொடக்கம். பிறகு 1982-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கியின் ஆர்சிஎஸ். ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் 1986-இல் வெளியிட்ட சில ஷெல் ஸ்கிரிப்டுகளிலிருந்து சிவிஎஸ் வளர்ந்தது. இவற்றில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி எண் வரிசை: 1.1, 1.2, 1.3 என்று. பத்துக் கோப்புகளை ஒரே காரணத்துக்காகத் திருத்தினாலும் பத்து எண்கள்; அவை ஒன்றைச் சேர்ந்தவை என்று சிவிஎஸ்ஸுக்குத் தெரியாது. தேதியும் குறிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை, இதையெல்லாம் பார்க்கக் கணினியில் அந்த மென்பொருள் இருக்க வேண்டும், கட்டளை தெரிந்திருக்க வேண்டும், சர்வர் விடாமல் இணைப்பில் இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஃப்ரீபிஎஸ்டி குழுவின் பில் ஃபென்னர், பெர்ல் மொழியில் சிவிஎஸ்வெப் என்ற சிறிய நிரலை எழுதினார். நிரலும் அதன் பதிவுகளும் இருக்கும் களஞ்சியம் பிரவுசரில் திறந்தது. பின்னால் அதையே பைதானில் கொண்டுவந்த வியூசிவிஎஸ், இப்போது வியூவிசி என்ற பெயரில் இருக்கிறது.

நான் படித்த காலத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. மணிக்கணக்கில் காசு, இழுத்துக்கொண்டு வரும் டயல்-அப். படம் நிறைந்த பக்கம் திறப்பதற்குள் நேரம் போய்விடும். வியூசிவிஎஸ் பக்கமோ வெறும் எழுத்து: கோப்பின் பெயர், திருத்த எண், வயது, செய்தவர், கடைசிக் குறிப்பு, இவ்வளவுதான். ‘வயது’ என்ற அந்தப் பத்தியை நான் மிகவும் விரும்பினேன். இந்தக் கோப்பை மூன்று வாரத்துக்கு முன் தொட்டிருக்கிறார்கள், இதை நான்கு வருடமாக யாரும் தொடவில்லை என்று ஒரு பார்வையிலேயே தெரியும். இரண்டு திருத்தங்களுக்கு இடையே மாறியதைக் காட்டும் டிஃப் பக்கம் சில கிலோபைட்தான் இருக்கும். ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துவந்து விடுதியில் இரவெல்லாம் படிப்போம்.

லினக்ஸுக்கான பணிமேடையை உருவாக்கும் கேடிஇ திட்டத்தின் தமிழாக்கக் கோப்புகளை நான் அப்படித்தான் படித்தேன். ஒரு சொல்லை ஒருவர் எழுதியிருப்பார், இன்னொருவர் மாற்றியிருப்பார். இடையிடையே ‘ஸ்கிரிப்டி’ என்ற தானியங்கி வந்து வரி எண்களைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கும். தானியங்கியின் பதிவுகளைத் தள்ளிவிட்டு மனிதர் கைபட்ட பதிவைக் கண்டுபிடிப்பதே ஒரு பழக்கம். சென்னையில் வேலைக்குப் போன தோழிகளுக்குப் பக்கத்து நாற்காலியில் சீனியர் இருந்தார். எனக்குத் திண்டுக்கல்லில் அப்படி யாருமில்லை. ஒரு வரி ஏன் இப்படி எழுதப்பட்டது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவை அந்தக் குறிப்புகள்தான். அதனால்தான் குறிப்பே எழுதாமல் மாற்றத்தை உள்ளே தள்ளுகிறவர்கள் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அவர்கள் குறிப்பைத் தேடி எங்கோ ஒரு சின்ன ஊரில் ஒரு பெண் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

2004-இல் முதல் பதிப்பு வந்த சப்வெர்ஷன், கோப்புக்கு எண் என்பதை மாற்றிக் களஞ்சியம் முழுமைக்கும் ஒரே எண் வரிசை தந்தது. கேடிஇ 2005 மே மாதம் அதற்கு மாறியது. 2009 ஜூலையில் அந்தக் களஞ்சியம் பத்து லட்சமாவது பதிவைத் தொட்டது. கேடிஇயின் நிரல்கள் பிறகு, சப்வெர்ஷனுக்குப் பின் வந்த கிட் என்ற மென்பொருளுக்குப் போய்விட்டாலும் மொழியாக்கங்கள் இன்னும் சப்வெர்ஷனில்தான் இருக்கின்றன. தமிழ்க் கோப்பின் வரலாற்றை இன்றும் வியூவிசி பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கிட்டை 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். அதே ஆண்டில், கிட் களஞ்சியத்தைப் பிரவுசரில் காட்டும் கிட்வெப்பைக் கே சீவர்ஸ் பெர்லில் எழுதினார். கிட்டில் வரிசை எண் இல்லை. மாற்றத்தின் உள்ளடக்கம், ஆசிரியர், நேரம், குறிப்பு, பேரன்ட் அடையாளம் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு நாற்பது எழுத்து நீளத்தில் ஒரு ஹாஷ் வரும். பேரன்டின் ஹாஷும் கணக்கில் சேர்வதால், பழைய பதிவில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின்வந்த எல்லாவற்றின் அடையாளமும் மாறிவிடும். பேச்சிலும் கடிதத்திலும் நாற்பதையும் யாரும் எழுதுவதில்லை. பொதுவாக முதல் ஏழு எழுத்து, லினக்ஸ் கர்னலில் பன்னிரண்டு. அதைத் தேடல் பெட்டியில் இட்டால் நேரே அந்தக் கமிட்டில் போய் நிற்கலாம்.

ஹாஷ் தெரியாதபோதுதான் தேடல் தொடங்குகிறது. கிட்வெப் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பட்டியல் உண்டு: குறிப்பில் தேடு, ஆசிரியர் பெயரில் தேடு, சேர்த்தவர் பெயரில் தேடு, கடைசியாகப் பிக்ஆக்ஸ். ஒரு சொற்றொடர் எந்தக் கமிட்டில் கோப்புக்குள் நுழைந்தது, எதில் வெளியேறியது என்று தோண்டிக் காட்டுவது அது. சர்வருக்குச் சுமை என்பதால் சில இடங்களில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். அப்போது களஞ்சியத்தையே நம் கணினிக்கு இறக்கிக்கொண்டு தேட வேண்டியதுதான்.

முதலில் ஜிலிப்ஸி. அதன் களஞ்சியம் 2009-இல் சிவிஎஸ்ஸிலிருந்து கிட்டுக்கு வந்தது. மாற்றியவர்கள் பழைய பதிவுகளை ஒன்றுவிடாமல் எடுத்துவந்தார்கள். 1995 பிப்ரவரியில் ‘முதல் இறக்கம்’ என்று போட்ட பதிவு வரைக்கும் பின்னால் போகலாம். திஸ்கி கோப்பு வந்த காலத்துக்குப் போனேன். அக்காலத்துப் பதிவுகள் பலவற்றுக்குத் தலைப்பு ‘அப்டேட்’ என்ற ஒற்றைச் சொல்தான். பார்த்தவுடன் மனம் தளரும். ஆனால் கீழே படித்தால் சேஞ்ச்லாக் முழுவதும் ஒட்டப்பட்டிருக்கும்: எந்த நாளில், யார், எந்தக் கோப்பில், எந்தச் செயற்கூற்றில் என்ன செய்தார் என்று. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் எழுதியவர் வேறு, சேர்த்தவர் வேறு என்று பிரித்துப் பதியும் வசதி சிவிஎஸ்ஸில் இல்லை. அந்நாளில் பலருடைய வேலையையும் உல்ரிக் டிரெப்பர் போன்ற ஓரிருவர்தான் உள்ளே சேர்த்தார்கள். பதிவின் மேல் அவர்கள் பெயர் மட்டும் நிற்கும். உண்மையில் உழைத்தவர் பெயர் சேஞ்ச்லாக் வரியில் இருக்கும். ஹைபிள் பெயரை அங்கேதான் பார்க்க வேண்டும்.

கோப்புக்குள் ஸ்ரீக்கான இடத்தில், நான்கு எழுத்துகளை வெளியிட இடமிருந்தால் வெளியிடு என்று ஒரு குறிப்பு எழுதி, அந்த நான்கையும் வரிசையாக எண்ணோடு கொடுத்திருக்கிறார். முதலில் ஸ. ‘ஶ’ பிறக்க மூன்று ஆண்டுகள் இருக்கையில் வேறென்ன போட முடியும்? பக்கத்திலேயே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், ஒற்றைக் கொம்பு, க, கால் என்று இருக்கும். யூனிகோடில் க முதலில், பிறகு ஒகரக் குறி. எனவே கொம்பைப் பார்த்தவுடன் அதை எழுதிவிடாமல் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து என்ன, அதற்கும் அடுத்தது காலா என்று பார்த்தபின்தான் நிரல் வெளியிடுகிறது. தமிழ் எழுத்தை அறிந்து வளராத ஒருவர் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பதைப் பார்த்து அன்று வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் இருந்தேன்.

அடுத்தது க்யூடி. இங்கே வழி சீக்கிரம் அடைபட்டது. இன்றைய களஞ்சியத்தில் அந்தத் தமிழ்க் கோப்பைப் பின்தொடர்ந்தால் 2011 ஏப்ரலில் ஒரு பதிவில் முட்டிக்கொள்ளும். ஒன்றாயிருந்த க்யூடியிலிருந்து இந்தப் பகுதி பிரிந்துவந்தது, இதற்கு முந்தைய வரலாறு வேண்டுமென்றால் பழைய களஞ்சியத்தை ஒட்டவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பழைய எண்ணைக் குறிப்பிடுவது போல. சரியென்று பழையதற்குப் போனால் அது 2009 மார்ச்சில் தொடங்குகிறது: க்யூடி நீடு வாழ்க என்ற பொருளில் ஒரு பதிவு, அதில் அத்தனை கோப்புகளும் மொத்தமாக. அதற்கு முன் டிரோல்டெக் நிறுவனத்துக்குள் பெர்ஃபோர்ஸ் என்ற வேறு மென்பொருளில் வேலை நடந்தது. அந்தப் பதிவுகள் வெளியே வரவில்லை. கேடிஇ தன் தேவைக்காக ‘க்யூடி-காப்பி’ என்று ஒரு நகலை வைத்திருந்தது. அதிலும் ஒவ்வொரு வெளியீடும் மூட்டையாகத்தான் இறங்கியிருக்கிறது. எந்தப் பதிப்போடு வந்தது என்று அது சொல்லும். ஏன், எந்தக் கோரிக்கையால் என்று சொல்லாது.

இப்படி முட்டிக்கொள்வது க்யூடிக்கு மட்டும் உள்ளதல்ல. லினக்ஸ் கர்னலில் வேலை செய்கிறவர்களுக்கு 2005 ஏப்ரல் 16-ஆம் தேதிப் பதிவு நன்றாகத் தெரியும். அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற மென்பொருளை விட்டுக் கிட்டுக்கு மாறிய நாள். பழைய வரலாறு எங்களிடம் இருக்கிறது, ஆனால் சேர்த்தால் 3.2 கிகாபைட் ஆகும், அதனால் இப்போது சேர்க்கவில்லை என்று டோர்வால்ட்ஸ் அந்தக் குறிப்பில் காரணத்தையே எழுதிவைத்தார். பழைய வரியொன்றை யார் எழுதினார் என்று கேட்டால், அந்த ஒரு பதிவையே கிட் காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் காரணம் எழுதப்பட்டிருந்ததால், பழைய பதிவுகள் எங்கோ இருக்கின்றன என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது. தாமஸ் க்ளைக்ஸ்னர் அவற்றைக் கிட் வடிவில் தனிக் களஞ்சியமாகவே ஆக்கி வைத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்கும்போதும் இதே கதைதான். குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கு முந்தையது கணினியில் வராது. மனுப்போட்டுப் பழைய புத்தகத்தில் கையால் தேட வேண்டும். புத்தகம் இருக்கிறது என்று தெரிந்தால் மனுப்போட மனம் வரும்.

க்யூடி கோப்பின் விளக்கத்தில், அட்டவணை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று ஓர் இணைய முகவரி கொடுக்கப்பட்டிருந்தது. ஜியோசிட்டீஸ், ஏதென்ஸ், 5180. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்து மதுரைத் திட்டத்தை நடத்திய கு. கல்யாணசுந்தரத்தின் பக்கம் அது. நார்வேக்காரர் கையில் திஸ்கி அட்டவணை எப்படிப் போனது என்ற என் கேள்விக்குப் பதில் அந்த ஒற்றை வரிதான். கமிட் தொலைந்தும் தகவல் பிழைத்தது, எழுதியவர் மூலத்தைக் கோப்பிலேயே குறித்துவைத்ததால். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது.

மூடப்பட்ட இடங்கள் இன்னும் பல. க்யூடி முதன்முதலில் களஞ்சியத்தைப் பொதுவில் திறந்த கிட்டோரியஸ் தளம் 2015-இல் மூடப்பட்டது. கூகுள் கோட் அதே ஆண்டில் புதுப் பதிவுகளை நிறுத்தி 2016-இல் மூடியது. பழைய மடல்களிலும் வழுப் பட்டியல்களிலும் கொடுத்திருந்த கமிட் முகவரிகள் ஆயிரக்கணக்கில் வெற்றுப் பக்கங்களாயின. பிரான்ஸின் இன்ரியா நிறுவனம் 2016-இல் சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் என்ற காப்பகத்தைத் திறந்து, இந்த இரண்டு இடங்களின் களஞ்சியங்களையும் சேர்த்து வைத்தது. தளத்தின் முகவரியை நம்பாமல் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடும் அடையாளத்தால் அங்கே தேடலாம். கிட் ஹாஷ் கையிலிருந்தால் போதும். அது எந்தத் தளத்தில் இருந்தது என்பது மறந்துபோனாலும் பரவாயில்லை.

பெரியவரின் பட்டியலில் எழுத்தை நான் மாற்றவில்லை. 2001-இல் அடித்ததை அன்றைய முறைப்படி ஸ-வாகவே விட்டு, தேடலில் மட்டும் ஸ்ரீயும் ஶ்ரீயும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளும்படி என் மாற்றியில் ஒரு விதி சேர்த்தேன். அந்தக் கமிட்டின் குறிப்பைத் தமிழில் எழுதினேன்: யூனிகோடு 4.1, 2005; திஸ்கியில் இது ஒரே குறி; 2005-க்கு முந்தைய அட்டவணையால் மாற்றிய கோப்புகளில் ஸ வரும், கைப்பேசியில் அடித்ததில் ஶ வரும்; ஜிலிப்ஸி கோப்பில் பார்த்தது; க்யூடியில் 2009-க்கு முன் போக முடியவில்லை. ஆதாரமாகக் கொடுத்த ஹாஷ்களை ஏழு எழுத்தாகச் சுருக்காமல் நாற்பதையும் போட்டேன்.